எக்செல்லை விட்டு எஸ்டிமேட் மென்பொருளுக்கு மாறுவது எப்படி: ராமநாதபுரம் கடற்கரை ஒப்பந்ததாரர்களுக்கு

வாறுகால் (கழிவுநீர்க் கால்வாய்) தூர்வாருதல், தெருவிளக்குப் பராமரிப்பு, மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்தல், அரசுக் கட்டடங்களின் ஆண்டுப் பராமரிப்பு, சாலை பேட்ச் வேலை, மீன் இறங்குதளத்தில் ரிப்பேர். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை சிறு ஒப்பந்ததாரர்களை நடத்துவது இந்த மாதிரி வேலைகள்தான். தொகை சிறியது, எண்ணிக்கை அதிகம், ஆண்டுதோறும் திரும்ப வரும். அதனால்தான் எல்லா அலுவலகத்திலும் பழைய எக்செல் கோப்பையே நகலெடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி, அடுத்த டெண்டருக்கு அனுப்புகிறார்கள். பழைய கோப்பில் இருந்த பிழையும் கூடவே போகிறது.

மென்பொருள் வாங்கினால் ரேட் தானாகச் சரியாகிவிடாது. சிமென்ட் விலையோ கூலியோ தூரமோ, ஒரு எண் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அங்கே மாற்றினால் எல்லா வேலையிலும் மாற வேண்டும். முன்பு அனுப்பிய எஸ்டிமேட் மட்டும் மாறக் கூடாது. இந்த மூன்றுக்காகத்தான் மாறுகிறோம். கீழே சொல்வது எல்லாம் இதை மனதில் வைத்தே.

முதலில் பழைய தாளைச் சோதியுங்கள்

மென்பொருள் விற்பவரைக் கூப்பிடும் முன், வேலை முடிந்து பில் பாஸான மூன்று கோப்புகளை எடுங்கள்: ஒரு வாறுகால் வேலை, ஒரு தெருவிளக்குப் பராமரிப்பு, ஒரு கட்டட ரிப்பேர். எம்.புக்கில் (அளவுப் பதிவேடு) ஏறிய இறுதி அளவும் பில் தொகையும் கைவசம் இருக்க வேண்டும். புது மென்பொருளை இந்த மூன்றை வைத்துத்தான் பரீட்சிக்கப் போகிறீர்கள்.

அந்தக் கோப்புகளில் பார்க்க வேண்டியவை: சூத்திரம் இருக்க வேண்டிய கட்டத்தில் கையால் அடித்த எண், மறைத்து வைத்த வரிசை, கடைசியில் சேர்த்த ஐட்டத்தைக் கூட்டலில் சேர்க்காத சம் சூத்திரம். ரேட் தேட வீலுக்அப் போட்டிருந்தால் அதன் நான்காவது இடத்தைப் பாருங்கள். அதை விட்டுவிட்டால் எக்செல் சரியான எண் கிடைக்காதபோது பக்கத்து ஐட்டத்தின் ரேட்டைச் சத்தமில்லாமல் எடுத்துப் போடும். ரேட் புத்தகத்தை (ஐட்டம் வாரியாகத் துறை வெளியிடும் விலைப் பட்டியல்) பி.டி.எஃப்.பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தால் சில எண்கள் எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும். சம் அவற்றைச் சேர்க்காது.

ஐட்டம் எண்ணில் இன்னொரு கோளாறு உண்டு. 12.10 என்று அடித்தால் எக்செல் 12.1 ஆக்கிவிடும், ஏற்கெனவே இருக்கும் 12.1-உடன் அது கலந்துவிடும். 5-2 என்று அடித்தால் பிப்ரவரி 5 ஆகிவிடும். இந்தத் தாளை அப்படியே இறக்குமதி செய்தால் இரண்டு ஐட்டம் ஒன்றாகும். குறியீட்டு நிரலை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் குறியீட்டைக் கொடுங்கள்: துறை, ரேட் புத்தக ஆண்டு, ஐட்டம் எண் மூன்றும் அதில் வர வேண்டும். ஆண்டு இல்லாத குறியீடு இரண்டாம் ஆண்டில் குழப்பும்.

தமிழ் விவரணைகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவையாக இருந்தால், யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். மாற்றி முடித்தும் பத்து இருபது வரிகளைக் கண்ணால் படியுங்கள். கொம்பு இடம் மாறுவதும் 'ஸ்ரீ', 'க்ஷ' உடைவதும் வழக்கம். சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக வரும்.

எந்த மென்பொருள்

விற்பவர் காட்டும் டெமோவில் எல்லாமே ஓடும். அதனால் உங்கள் வாறுகால் கோப்பைக் கையில் கொடுத்து, உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு ரேட் புத்தகத்தை ஒரே நேரத்தில் வைத்திருக்க முடிகிறதா, பொருளுக்குப் பொருள் லீட் (பொருளைச் சைட்டுக்குக் கொண்டுவரும் தூரம்) தனித்தனியாகப் போட முடிகிறதா, எத்தனை தடவை செய்வது என்று மாதத்துக்கு மாதம் மாறும் தடவைக் கணக்கு ஏற்குமா, அனுப்பிய எஸ்டிமேட்டைப் பூட்ட முடிகிறதா, தமிழ் எழுத்து உடையாமல் பி.டி.எஃப். வருகிறதா என்று பாருங்கள். சந்தாவை நிறுத்தினால் எல்லாத் தரவையும் சி.எஸ்.வி.யாக எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரடியாகப் பதில் வராத மென்பொருள், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

கட்டடம் கட்டுவதற்கென்றே செய்த மென்பொருள்கள் பல, பராமரிப்பு ஒப்பந்தத்தில் தடுமாறும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கேட்கும். தடவை, மாதம், ஆள் கணக்கு கேட்காது. எண்ணிக்கை நிரலில் தடவையைப் போட்டு ஒப்பேற்றலாம்தான். ஆனால் மாதவாரி பில் போடும்போது கையால் பிரிக்க வேண்டிவரும். மறுபடியும் எக்செல் வந்துவிடும்.

டேட்டாதான் உயிர்

ஒரு ஐட்டத்துக்கு எவ்வளவு பொருள், எத்தனை ஆள், என்ன செலவு என்று பிரித்துப் போடும் ரேட் அனாலிசிஸை நம் ஊரில் டேட்டா என்போம். இதை ஏற்றும் வேலையை மென்பொருள்காரரின் பையனிடம் விடாதீர்கள். சைட் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

12 மி.மீ. பூச்சு, 1:5 கலவை (ஒரு பங்கு சிமென்ட், ஐந்து பங்கு மணல்) என்ற ஐட்டத்தை எடுத்துக்கொள்வோம். டேட்டா 10 சதுர மீட்டருக்கு எழுதப்பட்டது. 10 × 0.012 = 0.12 கன மீட்டர். சுவரின் பள்ளம், இணைப்பு, சேதாரம் சேர்த்து 0.14 கன மீட்டர் கலவை. 1:5 கலவையில் கன மீட்டருக்கு 288 கிலோ சிமென்ட். ஆகவே 10 சதுர மீட்டருக்கு 40.32 கிலோ, ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. இத்துடன் மணல், கொத்தனார், சித்தாள், தண்ணீர், சில்லறைச் செலவு. மென்பொருளில் இது இரண்டு அடுக்காக இருக்க வேண்டும்: கலவை தனி டேட்டா, பூச்சு அதைக் கூப்பிடும் டேட்டா. ஒரே அடுக்காக 40.32 கிலோ என்று அடித்துவிட்டால் நாளை 1:4 கலவை வரும்போது முழுவதையும் திரும்ப எழுத வேண்டும்.

இதில் அதிகம் நடக்கும் பிழை அலகுப் பிழை. 10 சதுர மீட்டர் டேட்டாவை 1 சதுர மீட்டர் ரேட்டாக ஏற்றினால் பத்து மடங்கு தெரியும், உடனே பிடிபடும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் ஒரு துணை ஐட்டம் மட்டும் தவறினால் ரேட் 8 அல்லது 9 சதவீதம் மாறி, கண்ணுக்குச் சாதாரணமாகவே தெரியும். ஒவ்வொரு டேட்டாவிலும் "எத்தனை அலகுக்கு" என்ற கட்டத்தைத் தனியாகச் சரிபார்க்கவும்.

அடுத்தது மணல், ஜல்லி. கிரஷரில் விலை யூனிட்டுக்குச் சொல்வார்கள். யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். யூனிட் 5,660 ரூபாய் என்றால் கன மீட்டருக்கு 2,000 ரூபாய். சிலர் டன் கணக்கில் பில் தருகிறார்கள். டன்னைக் கன மீட்டராக்க யாரோ சொன்ன அடர்த்தியைப் போடாமல், எடைமேடைச் சீட்டு உள்ள லோடு ஒன்றை டிப்பர் பெட்டியில் அளந்து பாருங்கள். ஈர எம்.சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) காய்ந்த எம்.சாண்டும் ஒரே எடை இருக்காது.

துறை ரேட், உங்கள் ரேட் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக வையுங்கள். துறை ரேட்டில் ஒப்பந்ததாரர் லாபமும் மேல்செலவும் சேர்ந்திருந்தால் அதன்மேல் மறுபடியும் லாபம் சேர்க்கக் கூடாது. உங்கள் பட்டியலில் அசல் செலவு மட்டும் இருக்க வேண்டும். லாப சதவீதம் கடைசியில், ஒரே கட்டத்தில். துறை மதிப்பைவிட இத்தனை சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்று ரேட் கொடுக்கும் சதவீத டெண்டரில் எத்தனை சதவீதம் குறைத்தால் கைக்காசு போகத் தொடங்கும் என்பது இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

நம் கரையில் ரேட்டை ஆட்டுவது லீட், தண்ணீர், உப்பு

மாவட்டத்துக்கு ஒரே லீட் போடுவது இங்கே செல்லாது. கருங்கல் ஜல்லியும் எம்.சாண்டும் தூரத்திலிருந்து வருகின்றன. ராமநாதபுரம் நகரில் இறக்கும் லோடும் ராமேஸ்வரத்தில் இறக்கும் லோடும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசப்படும். பாம்பன் தீவுக்கு லாரி போக 1988-ல் திறந்த சாலைப் பாலம் ஒன்றே வழி. விழா நாளில் அங்கே நெரிசலானால் டிப்பரின் நடை குறையும். மென்பொருளில் மண்டலங்களை முதலிலேயே பிரித்துவிடுங்கள்: ராமநாதபுரம் சுற்று, தேவிபட்டினம்–தொண்டி, கீழக்கரை–ஏர்வாடி, சாயல்குடி–மூக்கையூர், உச்சிப்புளி–மண்டபம், பாம்பன் தீவு, தனுஷ்கோடிச் சாலை. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஜல்லி, எம்.சாண்ட், செங்கல், சிமென்ட், கம்பி, தண்ணீர் ஆறின் தூரமும் தனி. இந்த அட்டவணையை ஒரு தடவை சரியாகச் செய்துவிட்டால் பிறகு சைட் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தாலே போதும். கடற்கரை மணலை ஒரு ஆதாரமாகப் பட்டியலில் வைக்கவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடு கம்பியைத் தின்னும்.

தண்ணீருக்குப் பல டேட்டாக்களில் தனி வரி இருக்காது. இங்கே கிணற்று நீர் பல ஊர்களில் உப்பு. இரும்புக் கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456. எனவே தண்ணி லாரிதான். கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், நீர் விகிதம் 0.45 என்றால் கலக்க மட்டும் 144 லிட்டர். 100 கன மீட்டருக்கு 14,400 லிட்டர், அதாவது 6,000 லிட்டர் லாரி இரண்டு போதாது. கியூரிங் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது) இதற்கு மேல். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், வறண்ட வெயில் காலத்தில் 14 நாள். நீரைத் தனிப் பொருளாகச் சேர்த்து, லாரி நடைக்கு விலை போட்டு, கியூரிங்கை நாள் கணக்கில் தனி வரியாக வையுங்கள்.

உப்புக் காற்று பட்டியலின் இன்னொரு பக்கத்தை மாற்றுகிறது. ஐ.எஸ். 456 கடலோரச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் வகையில் வைக்கிறது: கம்பி உள்ளதற்குக் குறைந்தபட்சம் எம்30 கிரேடு கான்கிரீட், கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், கம்பியை மூட 45 மி.மீ. கவர். அலைச் சாரல் படும் இடம் என்றால் எம்35, 340 கிலோ, 50 மி.மீ. பரமக்குடிப் பக்கம் செய்த எம்20 டேட்டாவை மண்டபம் ஜெட்டிக்கு (படகுத்துறை) நகலெடுப்பது எக்செல்லில் ஒரு நொடி வேலை. மென்பொருளில் சூழல் வகையை மண்டலத்தோடு கட்டி, குறைந்த கிரேடு போட்டால் எச்சரிக்கை வரும்படி செய்யலாம். துறை ஆவணமே எம்20 என்று சொன்னால், டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். வேலை கிடைத்த பின் கேட்டுப் பயனில்லை.

தெருவிளக்கில் கிளாம்ப், போல்ட், ஜங்ஷன் பாக்ஸ் மூன்றும் கடலோரத்தில் சீக்கிரம் போகும். மாற்றுக் கணக்கைப் பொதுச் சதவீதமாகப் போடாமல், உங்கள் புகார்ப் பதிவேட்டில் எந்தத் தெருவில் எத்தனை மாற்றினீர்கள் என்பதிலிருந்து எடுங்கள். கரையோரத் தெருவும் ஊருக்குள் இருக்கும் தெருவும் இரண்டு ஐட்டமாகவே இருக்கட்டும்.

தடவையும் ஆளும்

வாறுகால் 400 மீட்டர், அகலம் 0.60, மண்டியின் சராசரி ஆழம் 0.25 மீட்டர் என்றால் ஒரு தடவைக்கு 60 கன மீட்டர். ஆண்டுக்கு நான்கு தடவை 240. ஆனால் நான்கும் ஒன்றல்ல: வடகிழக்குப் பருவத்துக்கு முன் எடுப்பது அதிகம், கோடையில் எடுப்பது குறைவு. ஒவ்வொரு தடவைக்கும் தனி ஆழம் போட இடம் வேண்டும். தனுஷ்கோடிச் சாலையில் மணல் அகற்றும் வேலையும் இப்படித்தான். காற்று அடிக்கும் மாதங்களில் வாரக் கணக்கு, மற்ற மாதங்களில் மாதக் கணக்கு. ராமேஸ்வரத்தில் துப்புரவு ஆள் வேலை என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களுக்குக் கூடுதல் ஆள் தனி வரி. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் ஜெட்டி வேலை என்றால் படகு நகர்த்தும் நேரத்தையும் சேருங்கள்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளுக்கு மோட்டார் வைத்து நீர் இறைக்கும் ஐட்டம் மணி ரேட்டில் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், செய்த வேலைக்குப் பில் போட வழியில்லை. டீசல், ஆபரேட்டர், ஓஸ் மூன்றையும் சேர்த்து மணிக்கு ஒரு டேட்டா தயாராக வைத்திருங்கள்.

ஆள் செலவில் வெறும் கூலியைப் போடுவதே பராமரிப்பு ஒப்பந்தம் நட்டமாக முதல் காரணம். உதாரணமாக நாள் கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் என்போம். உங்கள் வேலையில் மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியைப் போடுங்கள். மாதம் 15,600. பி.எஃப். முதலாளி பங்கும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 13 சதவீதம், 15,000 வரம்பில் 1,950. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 507. போனஸ் 8.33 சதவீதம், ஏறத்தாழ 1,299. மொத்தம் 19,356, நாளுக்கு 744. விடுப்பு, சீருடை, கையுறை, காலணி இன்னும் சேர்க்கவில்லை. மென்பொருளில் இந்தச் சதவீதங்களும் வரம்புகளும் தனி அட்டவணையில் இருக்கட்டும். பாதாளச் சாக்கடை, கழிவுத் தொட்டிக்குள் ஆள் இறங்கும் ஐட்டத்தை, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி வைக்கவே கூடாது, இயந்திரம் மட்டும்.

வரியை வெளியே வையுங்கள்

பொருள் விலையை எப்போதும் ஜி.எஸ்.டி. இல்லாமல் ஏற்றுங்கள். 2025 செப்டம்பர் 22-ல் சிமென்ட் வரி 28-லிருந்து 18 சதவீதமானது. அடிப்படை விலை 300 என்றால் மூட்டை 384-லிருந்து 354 ஆகிறது. வரியோடு 384 என்று டேட்டாவில் அடித்து வைத்தவர் ஒவ்வொரு தாளாகத் தேடி மாற்ற வேண்டியிருக்கும். அதோடு ஒப்பந்தத் தொகை மீது 18 சதவீதம் போடும்போது வரிக்கு மேல் வரி ஏறி ரேட் போட்டியில் தோற்கும். ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ பொருள் இல்லாமல் வெறும் ஆள் சேவை என்றால் வரிவிலக்கு வரலாம். அதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி, ஐட்டத்தில் வரி வகையாகக் குறியுங்கள். பில்லில் பிடிக்கும் வருமான வரி தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் 1, மற்றவர்களுக்கு 2 சதவீதம். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம். இவை செலவு அல்ல, பின்னால் கணக்கில் வரவாகும். ஆனால் கையில் காசு வரும் தேதியை மாற்றும். ஆகவே ரேட்டில் சேர்க்காமல் பண ஓட்டத் தாளில் வையுங்கள்.

இணை ஓட்டமும் டெண்டர் கோப்பும்

மூன்று பழைய வேலைகளையும் புது மென்பொருளில் முழுதாக அடித்து, ஐட்டம் ஐட்டமாக ஒப்பிடுங்கள். மொத்தம் ஒத்துப்போனால் போதும் என்று விடாதீர்கள். ஒரு பிளஸ்ஸும் ஒரு மைனஸும் சேர்ந்து மறைத்துவிடும். வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, முழுமையாக்கல்: பத்து சதுர மீட்டருக்கு 2,347.86 என்றால் ஒரு சதுர மீட்டர் 234.786, திரையில் தெரிவது 234.79. 3,000 சதுர மீட்டருக்கு ஒன்று 7,04,358, மற்றது 7,04,370. பன்னிரண்டு ரூபாய்தான், ஆனால் அப்ஸ்ட்ராக்டை (அளவு, ரேட், தொகைச் சுருக்கம்) அலுவலகத்தில் கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பவர் திருப்பி அனுப்புவார். ரேட்டை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிய பிறகே அளவால் பெருக்கும்படி அமைப்பில் சொல்லுங்கள். இரண்டு, திறப்புக் கழிவு (கதவு, ஜன்னல் பரப்பைக் கழிப்பது): பூச்சில் 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவு இல்லை, 0.5 முதல் 3 வரை ஒரு பக்கம் மட்டும், அதற்கு மேல் இரண்டு பக்கமும் கழித்து ஜாம்பு (திறப்பின் பக்கவாட்டு முகம்), சில் (அடி முகம்) பரப்பைச் சேர்க்க வேண்டும். மென்பொருள் தானாகக் கழிக்க, நீங்களும் கழித்து அடித்தால் இரண்டு கழிவாகும்.

எக்செல் முழுவதும் போய்விடாது. தமிழ்நாடு அரசின் மின்-டெண்டர் தளத்தில் ரேட் கொடுக்க வேண்டிய பி.ஓ.க்யூ. (ஐட்டம், அளவுப் பட்டியல்) எக்செல் கோப்பாகத்தான் வருகிறது. பூட்டிய கட்டங்கள், மேக்ரோவோடு. அதே கோப்பை இறக்கி, மேக்ரோவை அனுமதித்து, திறந்த கட்டங்களில் மட்டும் நிரப்பி, பெயரை மாற்றாமல் ஏற்ற வேண்டும். வேறு ஆபீஸ் மென்பொருளில் திறந்து சேமித்தால் மேக்ரோ கெட்டு, தளம் கோப்பை ஏற்காது. மென்பொருளிலிருந்து ரேட் பட்டியலை ஐட்டம் வரிசைப்படி எடுத்து, மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள், சூத்திரத்தோடு ஒட்டாதீர்கள். பிறகு கோப்பின் மொத்தமும் எழுத்தில் வரும் தொகையும் மென்பொருளின் மொத்தத்தோடு ஒன்றா என்று வேறு ஒருவர் பார்க்கட்டும். ரேட் அடித்தவரே சரிபார்த்தால் கண் பிழையைத் தாண்டிப் போகும்.

மாறும் தேதியைப் புது ரேட் புத்தகம் வரும் நேரத்தோடு வைப்பது நல்லது. நடந்துகொண்டிருக்கும் வேலைகள் பழைய தாளிலேயே முடியட்டும், பாதி எம்.புக் எக்செல்லிலும் பாதி மென்பொருளிலும் இருந்தால் இறுதி பில்லில் சிக்கும்.

தரவு ஓரிடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. இணையவழி மென்பொருளானால், புயல் நாட்களில் தீவில் மின்சாரமும் சிக்னலும் போகும்போது டெண்டர் கடைசித் தேதி தள்ளிப் போகாது என்பதை நினைவில் வைத்து, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள். கணினியில் நிறுவுவதானால் வாரத்துக்கு ஒரு நகல் வெளி டிஸ்க்கில், அது அலுவலகத்துக்கு வெளியே. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்து, ஏதாவது ஒரு எஸ்டிமேட்டை அச்செடுத்துப் பாருங்கள். அத்துடன், முடிந்த ஒவ்வொரு வேலையின் மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) ஆள் எண்ணிக்கையையும் லோடு சீட்டுகளையும் அந்த வேலையின் டேட்டாவுக்கு எதிரே ஏற்றுங்கள். எம்.சாண்டும் சித்தாளும் எந்த ஐட்டத்தில் டேட்டாவைவிட அதிகமாகப் போகிறது என்பது இரண்டு மூன்று வேலையிலேயே தெரிந்துவிடும். அடுத்த டெண்டருக்கு உங்கள் ரேட் பட்டியலில் திருத்த வேண்டியது அந்த ஐட்டங்களைத்தான்.